வயதா, எஞ்சினா, எரிபொருளா? லாரி, பஸ் புகைக்கு எந்த விதி பொருந்தும்

எங்கள் நாமக்கல் வட்டாரத்தில் பழைய லாரி வாங்கப் போகிறவர்கள், எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே சைலன்சர் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்ப்பார்கள். விரலில் காய்ந்த கரி ஒட்டினால் டீசல் சரியாக எரியவில்லை என்றும், பிசுபிசுத்த கரி ஒட்டினால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும். 2020க்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தச் சோதனைக்கு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தர விதியின் ஆறாம் படி) லாரியின் குழாயில் நான் விரல் விட்டு, அந்த விரலை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தபோது, லேசான சாம்பல் பூச்சைத் தவிர வேறு எதுவும் படியவில்லை. பக்கத்தில் நின்ற 2012ஆம் ஆண்டு டாரஸ் லாரியின் குழாயைத் தொட்ட விரலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுக்கொண்டு, ஒரே சாலையில், ஏறத்தாழ ஒரே எடை லோடோடு போகிற வண்டிகள்.

அந்த டாரஸை என்ன செய்வது என்பதுதான் இன்று நம் அரசுகளுக்கு முன்னால் இருக்கும் கேள்வி. புதிதாக விற்பனைக்கு வரும் லாரியும் பஸ்ஸும் எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு இந்தியாவில் உலகத் தரத்திலான விதி வந்துவிட்டது. ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு என்ன விதி என்பதில்தான் ஒரு முடிவுக்கு வராமல் நிற்கிறோம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் 2012 ஜூனில் சேர்த்தது. அதை மூச்சாக இழுப்பவர்கள் பெரும்பாலும் லாரியை ஓட்டுகிறவர்களும், டிப்போவில் வேலை செய்கிறவர்களும், சாலையோரத்தில் கடை போட்டிருப்பவர்களும்தான் என்பதால், இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

முதல் வழி, புதிய வண்டிகளுக்கான வரம்பை இறுக்கிவிட்டு, பழையவை தாமாகக் கழியும் வரை காத்திருப்பது. இந்தியா இதுவரை பெரும்பாலும் கடைப்பிடித்தது இதைத்தான். 2010இல் நாடு முழுவதும் பி.எஸ்.-3 நடைமுறைக்கு வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 வந்தது, ஐந்தாம் படியைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ்.-6க்குப் போனோம். பி.எஸ்.-3 கனரக எஞ்சின் ஒரு யூனிட் ஆற்றலுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, 5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் 0.10 கிராம் நுண்துகளும் வெளியிடலாம் என்று இருந்தது. பி.எஸ்.-6இல் அந்த வரம்புகள் 0.46 கிராமாகவும் 0.01 கிராமாகவும் குறைந்தன. சோதனை ஓட்ட முறையும் இடையில் மாறியிருப்பதால் இந்த எண்களை அப்படியே வகுத்துப் பார்ப்பது முழுக்கச் சரியாகாது. ஆனாலும் ஒரு பழைய லாரியின் இடத்தில் பத்துப் புதிய லாரிகள் ஓடினாலும் காற்று ஏறத்தாழ அதே நிலையில் இருக்கும் என்று சொல்வது மிகையில்லை.

இந்த இறக்கத்துக்கு எஞ்சினைவிட அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த கருவிகளே முக்கியக் காரணம். கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் வினையூக்கி அறையும் இருப்பதால்தான் இன்று லாரி ஓட்டுநர்கள் டீசலோடு ஆட்ப்ளூ என்னும் அந்த யூரியா கரைசலையும் வாங்கி ஊற்றுகிறார்கள். கந்தகம் கலந்த டீசலில் இந்தக் கருவிகள் நாளடைவில் செயலிழந்துவிடும் என்பதால், பி.எஸ்.-3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்காக இருந்த கந்தக அளவு, பி.எஸ்.-4இல் 50 ஆகவும் பி.எஸ்.-6இல் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் பெரும் முதலீடு செய்து சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றியமைத்ததால் நாடு முழுவதும் ஒரே நாளில் அந்த டீசல் கிடைத்தது. இதை ஒரு சாதனை என்றே நான் கருதுகிறேன்.

தேதி விஷயத்தில் நீதிமன்றம் காட்டிய உறுதியையும் இங்கே சொல்ல வேண்டும். 2017இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.-3 வண்டிகள் விற்காமல் கையிருப்பில் இருந்தன. கெடு முடிந்த பிறகும் அவற்றை விற்க அனுமதி வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டபோது, மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பி.எஸ்.-6க்கு மாறும்போதும் 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பி.எஸ்.-4 வண்டி விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே அது சொல்லிவிட்டது. தேதி அசையாது என்று தெரிந்ததும் தொழில்துறை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பின்னால் சொல்லப்போகும் எல்லா வழிகளுக்கும் இந்த அனுபவம் பொருந்தும்.

குறை என்னவென்றால், இந்த வழி புதிய வண்டியை மட்டுமே தொடுகிறது. 2020 மார்ச் கடைசியில் பதிவான ஒரு பி.எஸ்.-4 லாரி 2035இலும் ஓடிக்கொண்டிருக்கலாம். லாரிக்கு வயதாக ஆக அது மக்களுக்கு நெருக்கமாக வருகிறது என்பது பலர் கவனிக்காத ஒன்று. முதல் கையில் இருக்கும்போது லாரி நேஷனல் பர்மிட்டில் குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. இரண்டாம் கைக்கு மாறும்போது மாநிலத்துக்குள் சிமெண்ட், நெல், கோழித் தீவனம் என்று சுற்றுகிறது. மூன்றாம் கைக்கு வரும்போது தண்ணீர் லாரியாகவும், ஜல்லி, செங்கல் ஏற்றும் வண்டியாகவும் ஊருக்குள்ளேயே, பள்ளிக்கூடத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. மிக அதிகமாகப் புகை விடும் வயதில் அது மிக நெரிசலான இடத்துக்கு வந்து சேருகிறது. ஆகவே காத்திருப்பது என்பது சமமாகப் பரவும் தீங்கு அல்ல. அதை எளிய மக்கள் வாழும் தெருக்கள் சுமக்கின்றன.

இரண்டாம் வழி, வயது வரம்பு. டெல்லி இதைத் தேர்ந்தெடுத்தது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகரில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2015இல் பத்து வயதைத் தாண்டிய லாரி என்றால் அது பி.எஸ்.-2 அல்லது அதற்கும் முந்தைய எஞ்சின். வயதைப் பார்த்தாலே புகையை ஊகித்துவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் தேதி இருப்பதால் போக்குவரத்துக் காவலருக்கும் வேலை எளிது.

ஆனால் வயதும் புகையும் இனி ஒன்றாகப் போகப்போவதில்லை. 2020 ஏப்ரலில் வாங்கிய பி.எஸ்.-6 லாரிக்கு 2030 ஏப்ரலில் பத்து வயது முடியும். வயதை மட்டும் பார்க்கும் விதிக்கு, வடிகட்டி நன்றாக வேலை செய்கிற அந்த லாரியும், கரும்புகை கக்கும் பி.எஸ்.-2 லாரியும் ஒன்றே. கூடுதல் பணம் கொடுத்துச் சுத்தமான எஞ்சினை வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் முடிவு ஒன்றுதான் என்றால், எட்டாவது ஆண்டில் அடைத்துப்போன டி.பி.எஃப்.பைச் செலவு செய்து மாற்ற வேண்டும் என்று எந்த உரிமையாளருக்குத் தோன்றும்? இன்னும் இரண்டு ஆண்டில் கழிக்கப்போகிற வண்டிதானே என்று அதை வெட்டி எடுத்துவிடுவார். புகையைக் குறைக்க வந்த விதியே புகைக்கு வழிவிடும்.

மேலும், டெல்லியில் ஓடக் கூடாத வண்டி தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிறது. புகை இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. 2025 ஜூலை 1 முதல் காலம் கடந்த வண்டிகளுக்குப் பங்குகளில் எரிபொருள் போடக் கூடாது என்று டெல்லியில் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு, மக்கள் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்று திருத்தியது. வயதிலிருந்து எஞ்சின் தரத்துக்கு விதி மெல்ல நகர்வதை இதில் காண்கிறேன். சரியான திசைதான், ஆனால் பத்தாண்டுகள் குழப்பத்துக்குப் பிறகு.

டெல்லிக்குள் நுழையும் லாரிகளுக்கு 2015 நவம்பரில் விதிக்கப்பட்ட சுற்றுச்சூழல் கட்டணமும் இதே வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது சிறிய லாரிக்கு 1,400 ரூபாய், பெரிய லாரிக்கு 2,600 ரூபாய் என்று இரட்டிப்பாக்கப்பட்டது. குறுக்கே கடந்துபோகும் லாரிகளை நகருக்கு வெளியே திருப்பிவிட அது உதவியது. 2018இல் திறக்கப்பட்ட கிழக்கு, மேற்குப் புறவழி விரைவுச்சாலைகள் அந்தப் பயனைக் கூட்டின. ஆனால் வண்டியின் அளவைப் பார்த்து விதிக்கும் கட்டணம், சுத்தமான எஞ்சினை வாங்க யாரையும் தூண்டாது. லண்டன் 2008 பிப்ரவரியில் தொடங்கிய குறைந்த மாசு மண்டலத்தில் எஞ்சின் தரத்துக்குக் குறைந்த லாரிக்கு ஒரு நாளைக்கு 200 பவுண்டு என்று வைத்தது. அன்றாடம் கட்டிக்கொண்டு தொழில் நடத்த முடியாத தொகை என்பதால் உரிமையாளர்கள் வண்டியையே மாற்றினார்கள். கட்டணம் வேண்டுமென்றால் அது அப்படி இருக்க வேண்டும். இல்லையேல் அது லோடு வாடகையில் சேர்ந்து, கடைசியில் காய்கறி வாங்குகிறவர் தலையில் விழும் இன்னொரு சுங்கமாகவே நின்றுவிடும்.

மூன்றாம் வழியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பாடம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காற்றுவள வாரியம் 2008 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட லாரி–பஸ் ஒழுங்குமுறை, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை நேரடியாகத் தொட்டது. அதன் அடிப்படை எளியது: எஞ்சின் எந்த ஆண்டு மாதிரி என்று பார், அதற்கு எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அட்டவணையில் பார். பெரிய லாரிகளில் 1996 முதல் 1999 வரையிலான எஞ்சின் என்றால் 2012 ஜனவரி 1க்குள் நுண்துகள் வடிகட்டி பொருத்த வேண்டும். 2000 முதல் 2004 வரை என்றால் 2013க்குள். 2005, 2006 என்றால் 2014க்குள். வடிகட்டி பொருத்திய வண்டிக்கு அந்த நாளிலிருந்து எட்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும். 1994க்கு முந்தைய எஞ்சினில் வடிகட்டி பொருத்துவது வீண் என்பதால் அதற்கு 2015 வரை விலக்கு, பிறகு வண்டியையே மாற்ற வேண்டும். இப்படிப் படிப்படியாக நகர்ந்து, 2023 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ எல்லாக் கனரக வண்டிகளிலும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய தர எஞ்சின் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. 2020 முதல், விதிக்கு உட்படாத வண்டிக்குப் போக்குவரத்துத் துறை பதிவையே புதுப்பிக்காது என்று சட்டம் வந்தது. சாலையில் மறித்து அபராதம் போடும் வேலையை இது பெருமளவு மிச்சப்படுத்தியது.

இதன் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. பொதுவான விதியைவிட முன்னதாகவே துறைமுக லாரிகளுக்கு இதே முறையிலான தனி விதி வந்தது. ஓக்லாந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு மேம்பாலத்தின் மேல் கருவிகளை வைத்து, கீழே கடந்துபோன ஒவ்வொரு லாரியின் புகையையும் பெர்க்லி ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2009இல் வடிகட்டி உள்ள லாரிகள் நூற்றுக்கு 2 என்று இருந்தது, 2013இல் 99 ஆனது. எரித்த எரிபொருளின் அளவுக்கு வெளியான கரித்துகள் அதே காலத்தில் 76 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடு 53 சதவீதமும் குறைந்தன. நான்கே ஆண்டுகளில் இது நடந்தது. காத்திருக்கும் வழியில் இதற்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

அந்த மாநிலம் தடுமாறிய இடமும் நமக்குப் பாடமே. சிறு உரிமையாளர்களால் செலவு தாங்க முடியவில்லை என்ற முறையீட்டை ஏற்று, 2014இல் வாரியம் அவர்களுக்குக் கெடுவை நீட்டித்தது. உடனே, ஏற்கெனவே கடன் வாங்கி வண்டிகளை மாற்றியிருந்த ஃப்ரெஸ்னோ பகுதி லாரி நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. விதியை மதித்துச் செலவு செய்த நாங்கள் கூடுதல் வாடகை கேட்க வேண்டியிருக்கிறது, செய்யாதவர் மலிவாக ஓட்டி எங்கள் லோடைக் கொண்டுபோகிறார் என்பதே அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எங்கள் ஊர் புக்கிங் ஆபீஸ்களில் இதே வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆட்ப்ளூ ஊற்றி, சென்சார் மாற்றி, முறையாக எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்து ஓட்டுகிறவர், எதையும் செய்யாதவரோடு ஒரே வாடகைக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. விதியைத் தளர்த்துவது ஏழைக்குச் செய்யும் உதவி என்று பார்க்கப்படுகிறது. அதே அளவு ஏழையான, ஆனால் விதியை மதித்த இன்னொருவருக்கு அது அநீதியாகிறது. சிறியவருக்கு உதவ வேண்டும்தான், ஆனால் அந்த உதவி பணமாக இருக்க வேண்டும். தேதியைத் தளர்த்துவதாக இருக்கக் கூடாது. கலிபோர்னியா பணமும் கொடுத்தது. 2006இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த கடன் பத்திரத்தில், சரக்குப் போக்குவரத்துப் புகையைக் குறைக்க மட்டும் 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

பழைய எஞ்சினில் வடிகட்டி பொருத்துவது நமக்கும் ஏற்றதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் கருத்து. டோக்கியோவும் அதன் அண்டை மாவட்டங்களும் 2003 அக்டோபர் முதல் தரம் குறைந்த டீசல் லாரி, பஸ்களைத் தடை செய்தபோது, அங்கீகரித்த வடிகட்டி பொருத்தினால் ஓடலாம் என்றன. அன்றைய ஆளுநர் இஷிஹாரா ஒரு சிறு பிளாஸ்டிக் பாட்டிலில் டீசல் கரியை அடைத்து எடுத்துவந்து, செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டியது மக்கள் மனத்தில் பதிந்த காட்சி. ஆனால் அடுத்த ஆண்டே, ஒரு பெரிய நிறுவனம் விற்ற ஆயிரக்கணக்கான வடிகட்டிகளின் சோதனைத் தரவு பொய்யானது என்று வெளிவந்தது. அந்தக் கண்காணிப்பு நிறைந்த நாட்டிலேயே அப்படி நடந்ததென்றால், இங்கே எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவிர, ஆயில் குடிக்கும் எஞ்சினுக்குப் பின்னால் வடிகட்டி பொருத்தினால் அது சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய லாரிகளில் ஆயில் குடிக்காதவை குறைவு.

நான்காம் வழி, எரிபொருளையே மாற்றுவது. 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லியின் பஸ்கள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி. என்னும் அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றது. கெடு வந்தபோது எரிவாயு நிலையங்கள் போதவில்லை. பஸ்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றன, பயணிகள் தவித்தார்கள். நீதிமன்றம் விடவில்லை. 2002 ஏப்ரலில், மாறாத டீசல் பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், ஒரு மாதத்துக்குப் பிறகு 1,000 ரூபாயும் அபராதம் விதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரின் பஸ்கள் மாறிவிட்டன. கண்ணுக்குத் தெரிந்த கரும்புகை போயிற்று. ஆனால் இரவில் நகருக்குள் நுழையும் டீசல் லாரிகளை அந்த உத்தரவு தொடவில்லை. நகரத்தின் வண்டிப் பெருக்கம் பின்னர் அந்தப் பலனில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

சி.என்.ஜி. இன்று முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. பி.எஸ்.-6 டீசல், நுண்துகள் விஷயத்தில் அதற்கு மிக நெருங்கி வந்துவிட்டதால், பஸ்ஸில் எரிபொருளை மாற்றுவதென்றால் நேராக மின்சாரத்துக்குப் போவதே சரி. இதற்கு ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரிய வேண்டுமென்றால் புகை நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். யூரியா தெளிப்பு வேலை செய்யவும் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் லோடோடு ஓடும் லாரிக்கு அந்தச் சூடு எளிதில் கிடைக்கிறது. நூறு மீட்டருக்கு ஒரு முறை நின்று கிளம்பும் நகரப் பேருந்துக்குக் கிடைப்பதில்லை. அதனால் சோதனைக்கூடத்தில் தேறிய அதே எஞ்சின், நெரிசலில் ஊரும்போது வரம்பைத் தாண்டிப் புகை விடுகிறது. எங்கே டீசல் கருவிகள் மிக மோசமாக வேலை செய்கின்றனவோ, அங்கே மின்சார பஸ் மிக நன்றாக வேலை செய்கிறது: நிறுத்தும்போதெல்லாம் ஆற்றலைத் திரும்பப் பெறுகிறது, இரவில் டிப்போவில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது, தடம் முன்பே தெரிந்திருப்பதால் வழியில் நின்றுவிடும் பயமும் இல்லை. சீனாவின் ஷென்சென் நகரம் 16,000க்கும் மேற்பட்ட பஸ்களை 2017 முடிவதற்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்களோடு தொடங்கியது. பஸ்ஸை வாங்காமல், ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் முறை என்பதால், முதலில் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்துகளைப் பொறுத்தவரை எனக்கு இதில் தயக்கமே இல்லை.

லாரிக்கு நிலைமை வேறு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் மின்சார லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை தருவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. பழைய டீசல் லாரியைக் கழித்ததற்கான சான்றும் அதற்கு வேண்டும். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு, சிமெண்ட் ஆலையிலிருந்து ரயில் நிலையத்துக்கு என்று குறிப்பிட்ட தூரம் ஓடும் பெரிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். பி.எஸ்.-3 டாரஸை வைத்துக்கொண்டு மாதா மாதம் டியூ கட்டும் ஒரு லாரிக்காரருக்கு, ஊக்கத்தொகை போக மீதித் தொகையே எட்டாக் கனி. அவரால் வாங்க முடிவது நான்கைந்து ஆண்டு ஓடிய, நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.-6 லாரி. கலிபோர்னியாவிலும் பல சிறு உரிமையாளர்கள் கெடுவை இப்படிப் பயன்படுத்திய லாரி வாங்கித்தான் சமாளித்தார்கள். அதே பணத்தை, பழைய லாரியைக் கழித்துவிட்டுப் பயன்படுத்திய பி.எஸ்.-6 வாங்குகிறவருக்கு வட்டிச் சலுகையாகக் கொடுத்தால், ஒரு மின்சார லாரிக்குச் செலவாகும் தொகையில் பல பழைய டாரஸ்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எந்த வழியானாலும், சோதனை சரியாக இல்லாவிட்டால் அது தாளில்தான் இருக்கும். இன்று நாம் எடுக்கும் புகைச் சான்று, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வரும் புகையின் கறுப்பைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி ஓரளவு உடைந்திருந்தாலும் கறுப்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். எஃப்.சி. எடுக்கும்போது பிரேக், விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை எல்லாம் பார்க்கிறார்கள், டி.பி.எஃப். உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு பட்டறையில் நான் பார்த்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. வடிகட்டியின் உறையைப் பிளந்து, உள்ளிருந்த தேன்கூடு போன்ற பீங்கானைக் கம்பியால் குத்தி உடைத்துத் தரையில் கொட்டினார்கள். பிறகு வெற்று உறையை அழகாக வெல்டிங் செய்து, பெயிண்ட் அடித்து மாட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. யூரியா தீர்ந்தாலும் எஞ்சினை ஏமாற்றி ஓட வைக்கும் சிறு மின்னணுப் பெட்டியையும் சேர்த்துப் பொருத்தினார்கள். ஓட்டுநரைக் கேட்டால், நடுவழியில் விளக்கு எரிந்து இழுவை குறைந்து, சர்வீஸுக்காக இரண்டு நாள் காத்திருந்து லோடு போன கதையைச் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். அந்தப் பீங்கான் தூளில் நாடு செய்த முதலீடு கிடந்ததும் உண்மைதான்.

கலிபோர்னியாவும் இதைக் கண்டது. மேம்பாலத்து ஆய்வுகள் தொடர்ந்தபோது, கரியின் பெரும்பகுதி வடிகட்டி பழுதான மிகச் சில லாரிகளிலிருந்து வருவது தெரிந்தது. அதனால் 2023இல் அங்கே லாரிகளுக்கென்று தனிச் சோதனைத் திட்டம் தொடங்கியது: சாலையோரக் கருவி கடந்துபோகும் லாரியின் புகையை அளந்து சந்தேகப்பட்டால் சோதனைக்கு அழைப்பு அனுப்பும்; மற்றவை ஆண்டுக்கு இருமுறை, எஞ்சின் கணினியில் பதிவான தகவலை அனுப்ப வேண்டும். நம் பி.எஸ்.-6 லாரிகளிலும் அந்தக் கணினி இருக்கிறது. சுங்கச்சாவடிகளில் ஒவ்வொரு லாரியும் நின்றோ ஊர்ந்தோ போகிறது. புகை அளக்கும் கருவி வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. தானியங்கிச் சோதனை நிலையங்கள் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், எஃப்.சி.யோடு நுண்துகள் எண்ணிக்கையை அளக்கும் சிறு கருவியையும் கட்டாயமாக்கலாம். ஐரோப்பாவில் சில நாடுகள் ஏற்கெனவே அப்படிச் செய்கின்றன. சோதனையோடு, வடிகட்டியைக் கழற்றிச் சாம்பல் சுத்தம் செய்து தரும் மையங்கள் சங்ககிரி, நாமக்கல் போன்ற லாரி ஊர்களில் வந்தால், பட்டறையில் கம்பி எடுக்க வேண்டிய தேவையும் குறையும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, நான் தேர்ந்தெடுப்பது எஞ்சின் தரத்தை அடிப்படையாகக் கொண்ட தேதி அட்டவணையைத்தான். பி.எஸ்.-3 மற்றும் அதற்கு முந்தைய சரக்கு லாரிகளும் தண்ணீர் லாரிகளும் 2029 முதல் மாநகராட்சி எல்லைக்குள் வாடகைக்கு ஓடக் கூடாது. 2031 முதல் மாநிலம் முழுவதும் அவற்றுக்கு எஃப்.சி. புதுப்பிக்கப்படாது, பி.எஸ்.-4க்கு 2035 வரை அவகாசம், பி.எஸ்.-6 லாரி சோதனையில் தேறும் வரை வயதைக் காரணம் காட்டி யாரும் நிறுத்தக் கூடாது. இப்படி ஓர் அட்டவணை ஒரே அரசாணையாக வந்தால், எங்கள் பக்கத்தில் லாரி வாங்குகிறவரும், அவருக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனமும், பாடி கட்டுகிற பட்டறையும் இன்றே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் கோயில் தேர் வண்டி, அறுவடை இயந்திரம் ஏற்றும் வண்டி போன்றவற்றுக்கு விலக்கு கொடுக்கலாம். கலிபோர்னியாவும் குறைவாக ஓடும் வண்டிகளுக்கு விலக்கு வைத்திருந்தது. மலைக் கிராமத்துக்கு ஒரே பஸ்ஸாகப் போகிற பழைய அரசுப் பேருந்தை முதலில் நிறுத்துவதும் தவறு. அங்கே பி.எஸ்.-6 பஸ் போய்ச் சேர்ந்த பிறகே பழையது திரும்ப வேண்டும்.

ஒரு லாரியை வைத்தே குடும்பம் நடத்துகிறவர் இந்த அட்டவணையைப் பார்த்துப் பயப்படுவார் என்பது எனக்குத் தெரியும். அவர்களோடுதான் நான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன். வயது வரம்பு என்றால் அவர் எப்போது வண்டியை இழப்பார் என்பது நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருக்கும். காத்திருப்பது என்றால் அவர் பிள்ளையின் நெஞ்சில் அந்தக் கரி போய்ச் சேரும். ஐந்தாறு ஆண்டுக்கு முன்பே தேதி தெரிந்தால், அடுத்த டியூ முடிந்ததும் எந்த வண்டிக்கு மாறலாம் என்று அவரே முடிவு செய்வார். 2020 ஏப்ரலில் பதிவான முதல் பி.எஸ்.-6 லாரிகள் 2030 ஏப்ரலில் பத்து வயதைத் தொடுகின்றன. அவை இரண்டாம் கைச் சந்தைக்கு வரும்போது பழைய டாரஸ்காரர்கள் வாங்கத் தயாராக இருக்க வேண்டுமென்றால், அட்டவணையும் வட்டிச் சலுகையும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாவது அரசிதழில் வந்துவிட வேண்டும்.